அட்டமி நவமிக்கு மாத்திரை கிடையாது

"ஏம்மே, அந்தத் தூக்க மாத்திரை குடு."

அந்த அக்கா இப்படித்தான் கேக்கும். மெதுவாவா கேக்கும்? பஜார் ரோட்டுல நின்னுக்கினு, மீன் ஏலம் விடற குரல்ல கேக்கும். போறவன் வர்றவன் எல்லாம் திரும்பி என்னைப் பார்ப்பான், நான் இன்னாவோ கள்ளச்சாராயம் விக்கற மாதிரி.

"அது தூக்க மாத்திரை இல்லக்கா, வலிப்பு மாத்திரை. நீ இப்படிக் கத்தினா போலீசு வந்து கடையை இழுத்து மூடிட்டுப் போயிடும்"னு நான் பல்லைக் கடிப்பேன்.

"போட்டா தூக்கம் வருது. அப்ப அது தூக்க மாத்திரைதானே?"

டி.பார்ம் படிச்சவ நான். இதுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு எந்தப் பாடத்துலயும் வரல. அது சொல்றதும் பொய்யில்ல. வலிப்பு மருந்துல நிறைய, ஆளைத் தூங்க வைக்கத்தான் செய்யும். ஆரம்பத்துல பட்டப்பகல்ல கண்ணு சொக்கும், நடந்தா கால் பின்னும். போகப் போக உடம்பு பழகிடும்க்கான்னு சொன்னேன். "அது பழகறதுக்குள்ள எறா எல்லாம் கடலுக்குத் திரும்பிப் பூடும்"னு சொல்லிட்டு மாத்திரையை முந்தானையில முடிஞ்சுக்கினு போச்சு.

நான் எளாவூர் பக்கம் நெல்லு விளையற ஊர்ப் பொண்ணு. தண்ணின்னா எனக்கு நாத்து நடறப்ப கணுக்கால் வரைக்கும்தான். கட்டிக்கினு வந்த இடத்துல பார்த்தா ஊரைச் சுத்தியும் தண்ணி. எங்க வூட்டுக்காரர் பழவேற்காட்டுல மருந்துக்கடை வெச்சிருந்தார். மருந்து படிச்சவ நான்ங்கறதால கல்லாவுல அவரும் மாத்திரை அலமாரிகிட்ட நானும் நின்னோம். எனக்கு மூக்குமேல கோபம். எங்க நைனா கடைக்கு வர்றப்ப எல்லாம், "ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கறியே, உன் வாய்க்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவார்.

அந்த அக்காவுக்குத் தோணிரேவுல ஏரிக்கரையோரம் ஒத்தைக் குடிசை. வேலை, எறா தடவறது. வலையும் கிடையாது, படகும் கிடையாது. பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில வரிசையா இறங்கி, குந்திக்கினே நகர்ந்து, ரெண்டு கையாலயும் அடிச்சேத்தைத் துழாவிக்கினே போவாங்க. கைக்குச் சிக்கற எறாவைப் பறியில போடணும். பறின்னா பனையோலையில பின்னின கூடை. ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கே, கூடையை யாரு பிடிக்கறது? அதோட கயித்தைப் பல்லால கடிச்சுக்கினு போவாங்க. தண்ணி கழுத்து வரைக்கும் நிக்கும், வாயில கயிறு இருக்கும், ஒரு வார்த்தை பேச முடியாது. முதல் தடவை கரையில நின்னு பார்த்தப்ப எனக்குத் தோணினது ஒண்ணுதான். இந்த வேலை செய்யறவளுக்கு நடுத் தண்ணியில வலிப்பு வந்தா இன்னா ஆகும்? கூப்பிடக்கூட வாய் இல்ல. முங்கினது பக்கத்துல இருக்கறவளுக்குத் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

ஒரு தடவை அப்படி வந்தும் இருக்கு. மாத்திரை எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நான் இந்த ஊருக்கு வர்றதுக்கும் முன்னாடி. அந்த அக்கா கை, பக்கத்துல தடவிக்கினு இருந்தவ சேலையை இறுக்கிப் பிடிச்சுடுச்சாம். வலிப்புல கை எதைப் பிடிக்குதுன்னு பிடிக்கறவளுக்கா தெரியும்? ரெண்டு பேரும் முங்கிட்டாங்க. மத்தவளுங்க முடியைப் பிடிச்சு இழுத்து ரெண்டு பேரையும் கரையில போட்டாங்க. பொழைச்சது ரெண்டு உசிரு, அதுக்குக் கும்பிட வேணாமா? பக்கத்துக்காரியோட மாமியா தெருவுல நின்னு, "அவ வாய் நுரை பட்டாலே தொத்திக்கும், எவளும் அவகிட்ட போகாதீங்க"ன்னு சொல்லிட்டா. தொத்திக்குமாம்! நான் அப்ப இருந்திருந்தா அந்தப் பொம்பளையை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன்.

அதுலேர்ந்து அந்த அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. அடுத்தவங்க ஒதுக்கறதுக்குள்ள தானா ஒதுங்கிக்கும். ஷேர் ஆட்டோவுல இடம் இருந்தாலும் உட்காராது, பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கினு தொங்கும். வலிப்புக்காரி செய்யற வேலையா இது? திட்டினா காதுலயே வாங்காது. கல்யாணத்துக்குப் போனா கடைசிப் பந்தியில ஓரத்து இலை, அதுக்கும் தண்ணி குடிக்கத் தன் தம்ளரைக் கையோட எடுத்துக்கினு போகும். தண்ணியில வரிசை போறப்ப இதுக்கும் அடுத்தவளுக்கும் நடுவுல இன்னொரு ஆள் நிக்கற இடம் காலியா இருக்கும். யாராவது மனசு இரங்கிக் கிட்ட வந்தா, கயித்தை வாயிலேர்ந்து எடுத்துட்டு, "தள்ளிப் போமே, என் எறாவைக் கலைக்காதே"ன்னு விரட்டிடும். அப்புறம் யாரு வருவா? அவங்களும் விட்டுட்டாங்க.

முதல்ல பொன்னேரி ஆஸ்பத்திரியில குடுத்தது ஃபெனிடாயின். நல்ல மாத்திரைதான், வலிப்பைப் பிடிச்சு நிறுத்தும். கொஞ்ச மாசம் போனதும் ஒரு நாள் அந்த அக்கா கடைக்கு எதிர்ல வந்து நின்னு, "பாருமே"ன்னு வாயைத் திறந்து காட்டுச்சு. ஈறு பொதபொதன்னு வீங்கி பாதிப் பல்லை மூடியிருந்துச்சு. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிப் பண்ணும். எனக்கும் உங்களுக்கும் அப்படி ஆனா பல் டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டுப் பேசாம இருப்போம். எறா தடவறவளுக்குப் பல்லுதானே மூணாவது கை?

"கயித்தைக் கடிச்சா வாயெல்லாம் ரத்தம். பறியில கீற எறா எல்லாம் என் ரத்தம் குடிச்சுக் கொழுத்துப்போச்சு"ன்னுச்சு.

"நீயா நிறுத்திடாதே, சொல்லிட்டேன்"னு அதட்டிட்டு, கடையை அவர்கிட்ட விட்டுட்டு, நானே பொன்னேரிக்கு பஸ்ல கூட்டிக்கினு போனேன். பஸ்ல என் பக்கத்து சீட்டு காலி. அந்த அக்கா வழி பூரா கம்பியைப் பிடிச்சுக்கினு நின்னுக்கினே வந்துச்சு. சீட்டைத் தட்டித் தட்டிக் காட்டி என் கைதான் வலிச்சுது.

டாக்டர் வாயைப் பார்த்தார். என்ன வேலைன்னு கேட்டார். எறா தடவறேன்னு சொன்னதும் பேனாவைக் கீழ வெச்சுட்டார். "தண்ணியில இறங்கவே கூடாதும்மா."

"அப்ப வாய்க்குள்ள மண்ணைப் போட்டுக்கவா சார்?"

"சரி, இறங்கித்தான் ஆகணும்னா கைக்கு எட்டற தூரத்துல ஒரு ஆள் இருக்கணும். மாத்திரை ஒரு வேளையும் தப்பக் கூடாது. ரெண்டுல எது தப்பினாலும் உன்னைத் தண்ணியிலேர்ந்து தேடித்தான் எடுக்கணும்."

அந்த அக்கா தலையை ஆட்டுச்சு. கைக்கு எட்டற தூரத்துல ஆளாம்! அதைக் கேட்டு நான் எனக்குள்ளயே தலையில அடிச்சுக்கினேன்.

டாக்டர் பழசைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வால்ப்ரோயேட்டுக்கு மாத்தறதுன்னு முடிவு பண்ணார். அதுக்கு முன்னாடி, "குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா? இந்த மாத்திரை வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஆகாது, அதான் கேக்கறேன்"னு கேட்டார். அவர் கேட்டது சரி, கேட்டே ஆகணும். அந்த அக்கா சிரிக்க ஆரம்பிச்சுது பாருங்க, வெளியில வரிசையில நின்னவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க.

"சார், இந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாதுன்றீங்க. நானே என் புருஷனுக்கு ஆகலையே!"

கல்யாணமான புதுசுல வலிப்பைப் பார்த்துட்டு, ரெண்டு நாள் இருந்துட்டு வான்னு அம்மா வூட்ல விட்டுட்டுப் போன மனுஷன். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல. அம்மாவும் போயாச்சு. சிரிச்சு முடிச்சதும் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கினு, "எழுதுங்க சார்"னு சொல்லிச்சு.

புது மாத்திரைக்கு ஈறு வத்திடுச்சு. பதிலுக்கு விரல் லேசா நடுங்கும். "எறாவைத் தொட்டா கூச்சத்துல சிரிக்குது"ன்னு சொல்லும். உடம்பு கொஞ்சம் பூசினாப்ல ஆச்சு, சீப்புல முடி வந்துச்சு. ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்துக்கினே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தார், அதுக்கும் நான்தான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்புவேன்.

எங்க கடைக்கு எதிர்ல டச்சுக்காரங்க கல்லறை. வாசல்ல கல்லுல செதுக்கின ரெண்டு எலும்புக்கூடு நிக்கும். கடையில கூட்டம் இருந்தா அந்த அக்கா அதுங்க காலடியிலதான் போய்க் குந்தும். வேற யாரும் அங்க வந்து உட்கார மாட்டாங்க, அதான் காரணம்.

"ஏம்மே, இவனுங்க காலத்துல வலிப்பு வந்தவன் இன்னா பண்ணியிருப்பான்?"

"அப்ப மாத்திரை ஏதுக்கா? விழுந்து விழுந்து எழுந்திருப்பான். ஒரு நாள் எழுந்திருக்காம போயிருப்பான். உன் பக்கத்துல நிக்கறானே, அவன் மூஞ்சைப் பாரு, மாத்திரையைப் பாதியில விட்டவன் மாதிரியே இருக்கான்."

அதுக்கு அப்படி ஒரு சிரிப்பு. எலும்புக்கூட்டு முட்டியைத் தட்டிக் குடுத்துட்டு, "ஒழுங்கா போடுடா"ன்னு அதுகிட்டயே சொல்லும்.

இவ்ளோ பேசற அக்கா மாத்திரையை ஒழுங்கா போடுதுன்னுதான் நான் நம்பிக்கினு இருந்தேன். மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து தண்ணியில ஒரு தடவையும் வலிப்பு வரல. ஆனா தரையில வந்துக்கினே இருந்துச்சு. மீன் மார்க்கெட்ல ஒரு தடவை, தோணிரேவு தெருக்குழாய்கிட்ட ஒரு தடவை. மாத்திரை கேக்கலையா, அளவு பத்தலையான்னு எனக்கு மண்டை காய்ஞ்சுது. ஒரு நாள் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தப்பதான் பொறி தட்டுச்சு. வர்றது எல்லாம் அட்டமி நவமியை ஒட்டி வருது.

ஏரியில வேலை எல்லாம் திதிக் கணக்குதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முகத்துவாரம் வழியா கடல் தண்ணி ஏறும், கூடவே எறாவும் வரும். அட்டமி நவமிக்குத் தண்ணி செத்துக் கிடக்கும். பொம்பளைங்க இறங்க மாட்டாங்க, பறியைப் பின்னிக்கினு வூட்ல இருப்பாங்க.

"யக்கா, உண்மையைச் சொல்லு. அட்டமி நவமியில மாத்திரை போடறியா?"

"தண்ணிக்குப் போற நாளுக்குத்தானே மாத்திரை? சும்மா குந்திக்கீற நாளுக்கு எதுக்கு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. "கருவாட்டுக்குப் போட்ட உப்பை அட்டமிக்கு எடுத்துட்டு அமாவாசைக்குத் திரும்பப் போடுவியா? புழு வைக்காது? மாத்திரை தினமும் ரத்தத்துல ஊறிக்கினே இருக்கணும்க்கா. இன்னிக்குப் போட்டா நாளைக்கே காப்பாத்தும்னு நினைக்காதே. திடீர்னு நிறுத்தினா ஒரு வலிப்பு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வரும், நிக்காம வரும், உசிரே போயிடும்!"

"சரிமே, கத்தாதே. பேஜார் பண்றியே"ன்னுச்சு. அடுத்த அட்டமிக்கு மறுபடியும் வலிப்பு வந்துச்சு. செவிடன் காதுல ஊதின சங்கு. இந்த ஏரிக்காரிங்கதான் மாத்திரைக்கும் திதி பார்ப்பாளுங்கன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லித் திட்டினேன்.

ஒரு அட்டமி அன்னைக்குக் காலையில எங்க கடைக்கு எதிர்லயே விழுந்துடுச்சு. பஜாரே ஓடி வந்துச்சு. இதை மட்டும் சொல்லியே ஆகணும், தொத்திக்கும்னு நடுங்கற அதே ஜனம், விழுந்தா ஓடி வந்துடும். வலிச்சுக்கினு கிடக்கறவளைப் பார்த்துட்டுச் சும்மா போனா பாவமாம். மீன்காரம்மா ஒருத்தி தரையிலயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த அக்கா தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கினா. ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில திணிச்சார். இன்னொருத்தர் பல்லுக்கு நடுவுல கரண்டியை வைக்கப் போனார்.

நான் கடையிலேர்ந்து குதிச்சேன். "சாவியை எடு! இரும்புக்கும் வலிப்புக்கும் இன்னா சம்பந்தம்? வாயில ஒண்ணும் வைக்காதீங்க, பல்லு உடையும். கையைக் காலை அமுக்காதீங்க. எல்லாரும் விலகுங்க, காத்து வரட்டும்!" என் தொண்டைக்கு முன்னாடி யாரு நிப்பாங்க? மடி குடுத்த மீன்காரம்மாவும் எழுந்து போயி கூட்டத்தோட நின்னுக்கினா. நான் துண்டை மடிச்சுத் தலைக்கு அடியில வெச்சேன். உதறல் நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். எல்லாம் படிச்ச முறைப்படி.

அந்த அக்கா கண்ணு முழிச்சப்ப ஜனம் தூரமா வட்டம் கட்டி நின்னுக்கினு இருந்துச்சு. நான் மட்டும் கிட்ட, கடிகாரத்தைப் பார்த்துக்கினு. கொஞ்சம் தெளிஞ்சதும் என்னைப் பார்த்துக் கேட்டுச்சு. "யாரு விலகச் சொன்னது?"

"நான்தான். காத்து வேணும்ல?"

"காத்து வேணும்னு நான் உன்கிட்ட வந்து கேட்டனா?"

அவ்ளோ கோபத்தை நான் அதுகிட்ட பார்த்ததே இல்ல. பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டுட்டு, தள்ளாடிக்கினே போயிடுச்சு. அப்புறம் கடைப் பக்கமே வரல. நல்லது பண்ணா இதுதான் மரியாதைன்னு எனக்கும் ஆத்திரம். நான் சொன்ன முறை சரி, இன்னிக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா கடைக்கு வரலைன்னா மாத்திரைக்கு இன்னா பண்ணுதுன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கினே இருந்துச்சு.

ஒண்ணும் பண்ணல, போடவேயில்ல. தோணிரேவுப் பொண்ணுங்க ஷேர் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு எங்க கடை வாசல்ல வந்து நின்னாங்க. குடிசை வாசல்ல விழுந்துச்சாம். ஒண்ணு நிக்கறதுக்குள்ள இன்னொண்ணு, நடுவுல கண்ணே முழிக்கல. நானும் அப்படியே ஏறிட்டேன். பொன்னேரி போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு உசிரு போயி உசிரு வந்துச்சு. ஊசி மேல ஊசி போட்டு ஒரு வழியா நிறுத்தினாங்க. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளு இல்லை"ன்னு டாக்டர் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் வார்டுல நானும் அதுவும்தான். தோணிரேவுப் பொண்ணுங்க தண்ணிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க. நாக்கைக் கடிச்சு வாய் வீங்கியிருந்துச்சு. நான் அழுதுக்கினே திட்டினேன். "எத்தினி தடவைக்கா சொல்றது? அட்டமியாம், நவமியாம்! தினமும் போடணும்ங்கறது உன் மண்டையில ஏறவே ஏறாதா?"

"தெரியும்மே."

"இன்னா தெரியும்?"

"தினமும் போடணும்னு தெரியும். பொன்னேரி டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும். நான் இன்னா கூமுட்டையா?"

"அப்புறம் ஏன் போடல?"

சுவத்துப் பக்கம் திரும்பிக்கினு, கடிபட்ட நாக்கால மெதுவா சொல்லிச்சு. "தண்ணியில வரக்கூடாது. வந்தா செத்துடுவேன், எனக்கு அந்தப் பயம் கீது. அதான் அந்த நாளுக்கு எல்லாம் கணக்கா முன்னாடியே போட்டுக்குவேன். தரையில வந்தா ஓடி வர்றாங்கமே. முழிக்கறப்ப எவ மடியிலயாவது கீறேன். எவளோ முகத்தைத் தொடைக்கிறா, முடியை ஒதுக்கி விடறா. கை சூடா கீது. யாருன்னு பாக்கறதுக்குள்ள மறுபடி தூக்கம் அமுத்திடும். நல்லா எழுந்து பாத்தா எல்லாரும் கை கழுவப் பூட்டிருப்பாங்க. போவட்டும். மத்த நாள்ல என்னை யாரு தொடறா, சொல்லு? அதையும் நீ விலகச் சொல்லிட்டே."

பக்க விளைவு எல்லாம் படிச்சிருக்கேன். ஈறு வீங்கும், கை நடுங்கும், முடி கொட்டும், பிள்ளைக்கு ஆகாது. வலிப்பு நின்னுபோனா கிட்ட வர ஆளே இருக்காதுன்னு எந்தப் புத்தகத்துலயும் எனக்குச் சொல்லித் தரல. இத்தினி நாள் இதை விவரம் இல்லாத பொம்பளைன்னு நினைச்சுக்கினு இருந்தேனே!

கட்டில்ல ஏறி உட்கார்ந்து அதோட தலையைத் தூக்கி என் மடியில வெச்சேன். கழுத்தை விறைப்பாவே வெச்சுக்கினு இருந்துச்சு, பாரத்தை என்மேல போடல. "போடுக்கா, நான் ஒண்ணும் உடைஞ்சிட மாட்டேன்"னு அதட்டினேன். மெதுவாத்தான் விட்டுச்சு. முடியை விலக்கிப் பார்த்தா ஒரே பேன். "கலீஜு, ஒரு குப்பமே குடியிருக்கு உன் தலையில"ன்னு திட்டிக்கினே எடுத்தேன்.

அதுக்கப்புறம் அந்த அக்கா மாத்திரையை விடல. அட்டமி நவமி மத்தியானத்துல கடைக்குப் பின்பக்கம் வரும், நான் பேன் பார்த்து எண்ணெய் வெச்சு விடுவேன். தண்ணியில வரிசை போறப்ப மட்டும் கடைசி வரைக்கும் தள்ளியேதான் போச்சு, அதை என்னால மாத்த முடியல. வலிப்புலயும் சாகல, தண்ணியிலயும் சாகல. ஒரு மழைக்காலத்துல காய்ச்சல்ல போச்சு.

எனக்கு அந்த ஆஸ்பத்திரி மத்தியானம்தான் இன்னும் ஆறல. பேனை நசுக்கிக்கினே நான் சொன்னேன், "இனிமே ஒரு நாளும் விடாம மாத்திரையைப் போடு. மடி வேணும்னா என்கிட்ட வா. எப்ப வேணா வா, நான் குடுக்கறேன்."

அந்த அக்கா தலையைத் திருப்பி, நான் பொய் சொல்றேனான்னு என் மூஞ்சையே பார்த்துச்சு.

"வலிப்பு வராமயேவா?"ன்னு கேட்டுச்சு.